கெடு நாளன்று காலையில்தான் தெரியவருகிறது

கேள்வி: ஆறு மாதங்களுக்கு முன் எட்டுப் பேர் கொண்ட குழுவுக்கு மேலாளர் ஆனேன். அதுவரை அவர்களில் ஒருவனாக இருந்தவன். வேலை முடியவில்லை என்பது கெடு நாளன்று காலையில்தான் எனக்குத் தெரியவருகிறது. கூட்டத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. நான் சொல்வது ஒன்று, நடப்பது வேறொன்று. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர் ஒருவரின் வேலையில் குறை இருக்கிறது. எப்படிச் சொல்வதென்று தெரியாமல் தவிக்கிறேன். இன்னும் இருவர் ஒருவரோடொருவர் பேசுவதே இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ஐந்து சிக்கல்களைச் சொல்லியிருக்கிறீர்கள். அவற்றை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். வேலை முடியாது என்பது அதைச் செய்பவருக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பே தெரிந்திருக்கும். நீங்கள் சொன்னது புரியவில்லை என்பது, கேட்டுக்கொண்டிருந்தபோதே அவருக்குத் தெரிந்திருக்கும். மூத்தவரின் குறை உங்களுக்குப் பல வாரங்களாகத் தெரியும். அந்த இருவரின் மௌனம் குழு முழுவதற்கும் தெரியும். எல்லா இடத்திலும் யாரோ ஒருவருக்குச் சங்கதி தெரிந்திருக்கிறது. அது வாய்க்கு வருவதற்குள் நாட்கள் ஓடிவிடுகின்றன. தெரிந்ததற்கும் பேசியதற்கும் நடுவே கிடக்கும் அந்த நாட்களைக் குறைப்பதுதான், ஆட்களோடு சேர்ந்து வேலை செய்விக்கிறவரின் முதல் வேலை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கெடு நாள் விஷயத்தில்தான் நான் அதிக நேரம் செலவிடப்போகிறேன். அது சரியானால் மற்றவை பாதி சரியாகும்.

நான் மேலாளரான இரண்டாம் ஆண்டில் நடந்தது. ஒரு புதன்கிழமை மாலை, குழுவில் வயதில் இளைய பெண் என் அறை வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு தாள், நடுவில் மடித்திருந்தது. விரித்துக் காட்டினார். ஒரு பத்தியைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார். வெளியே அனுப்பிவிட்ட கணக்கில் பிழை. நான் தாளைப் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். "இதை இப்போது வந்து சொன்னால் எப்படி?" என்று கேட்டேன். குரலை உயர்த்தவில்லை, திட்டவுமில்லை. அவர் தாளைப் பழையபடி மடித்துக்கொண்டு போய்விட்டார். பிழையை மறுநாளே திருத்தி அனுப்பினோம்; வெளியிலிருந்து ஒரு முணுமுணுப்புகூட வரவில்லை. ஆனால் அதற்கடுத்த நான்கு மாதங்கள் என் அறைக்கு எந்தக் கெட்ட செய்தியும் வரவில்லை. வேலை நன்றாக நடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் மாதத்தில் மூன்று வேலைகள் ஒரே வாரத்தில் கவிழ்ந்தன. அந்த மூன்றும் கவிழப்போவது, அவற்றைச் செய்துகொண்டிருந்த அத்தனை பேருக்கும் முன்பே தெரிந்திருந்தது.

கெட்ட செய்தி கொண்டுவருபவர் உங்கள் சொற்களைவிட, முதல் சில நொடிகளில் உங்கள் முகம் போகும் போக்கைத்தான் படிக்கிறார். அதை அவர் மட்டும் படிப்பதில்லை. வெளியே போய் மற்றவர்களிடம் சொல்வார். சொல்லாவிட்டாலும் அவர் முகம் சொல்லிவிடும். ஒருமுறை நீங்கள் உச்சுக்கொட்டினால் போதும், எட்டுப் பேரும் கணக்குப் போட்டுவிடுவார்கள்: சொன்னால் இன்றே அடி, சொல்லாவிட்டால் ஒருவேளை தப்பிக்கலாம்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஏமி எட்மண்ட்சன், 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தார். மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகள், நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள குழுக்களில் குறைவாக இருக்கும் என்பது எதிர்பார்ப்பு. கணக்கு தலைகீழாக வந்தது. நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அங்கே தவறை வெளியே சொல்ல அச்சம் குறைவு, அதனால்தான் எண்ணிக்கை கூடுதலாகத் தெரிகிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார். உங்கள் குழுவிலிருந்து புகாரே வரவில்லை, பிழையே வரவில்லை என்றால் நிம்மதியடைய வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சொல்ல முடியாமை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு விமானத்துறையைப் பாருங்கள். 1977 மார்ச் 27 அன்று டெனெரிஃப் தீவில், மூடுபனியில், ஓடுபாதையிலேயே இரண்டு போயிங் 747 விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். புறப்பட ஓடத் தொடங்கிய விமானத்தின் பொறியாளர், எதிரே இருக்கும் விமானம் இன்னும் ஓடுபாதையைவிட்டு விலகவில்லையோ என்று கேட்டார். விலகிவிட்டது என்ற பொருளில் தலைமை விமானி அழுத்தமாகப் பதில் சொன்னார். அவர் நிறுவனத்தின் மிக மூத்த விமானிகளில் ஒருவர். பொறியாளர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. பனி, வானொலியில் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தது எனக் காரணங்கள் பல உண்டு. ஆனாலும் விமானி அறையில் ஒருவருக்குச் சந்தேகம் வந்தது, அவர் வாயைத் திறந்தும் கேட்டார், அது போதவில்லை என்பதை விமானத்துறை மறக்கவில்லை. இளையவர் சொல்வதை மூத்தவர் நின்று கேட்பதும், கேட்காவிட்டால் இளையவர் மறுபடி சொல்வதும் இன்று விமானிகளுக்கு முறையான பயிற்சியாகவே கற்பிக்கப்படுகின்றன. நம் வேலையில் உயிர் போகாது. ஆனால் நம் அறைக்குள் வருகிறவரின் மனத்தில் ஓடுவது அதே தயக்கம்தான்.

செய்யவேண்டியதைச் சொல்கிறேன். அடுத்த முறை ஒருவர் கெட்ட செய்தியோடு வந்தால், செய்துகொண்டிருப்பதை நிறுத்திவிட்டு உட்காரச் சொல்லுங்கள். "சொன்னது நல்லதாயிற்று" என்று தொடங்குங்கள். பிறகு இரண்டே கேள்விகள்: இப்போது என்ன செய்யலாம், வேறு யாருக்குத் தெரிய வேண்டும். "ஏன் இப்படி ஆயிற்று" என்ற கேள்வியை மறுநாளுக்கு வையுங்கள். அதே நிமிடத்தில் கேட்டால், அது எவ்வளவு மென்மையாக இருந்தாலும் விசாரணையாகத்தான் காதில் விழும். அவர் பதில் சொல்வதை விட்டுவிட்டுத் தற்காப்புக்கு இறங்குவார்.

"நேரத்துக்கு முடிந்துவிடுமா?" என்று கேட்பதையும் விட்டுவிடுங்கள். அதற்கு "முடிந்துவிடும்" என்ற ஒரே பதில்தான் உண்டு. "இது நின்றுபோவதாக இருந்தால் எங்கே நிற்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். தடங்கலைச் சொல்வது இப்போது குறை சொல்லிக்கொள்வது ஆகாது, கேட்டதற்குப் பதில் சொல்வது ஆகிவிடும். பத்து நாள் வேலை என்றால் மூன்றாம் நாள் அரைகுறையாக இருப்பதைப் பார்க்க வேண்டும் என்று முதலிலேயே பேசிவையுங்கள். அரைகுறையைப் பார்க்கும்போது எழுத்துப்பிழை, அழகு, ஒழுங்கு எதையும் தொடாதீர்கள். திசை சரிதானா என்பதை மட்டும் பாருங்கள். மூன்றாம் நாளில் எழுத்துப்பிழையைச் சுட்டினால், அடுத்த முறை மூன்றாம் நாளில் உங்களுக்குக் காட்ட எதுவும் இருக்காது.

இது எல்லாவற்றையும் மன்னித்துவிடுவது என்று பொருளாகாது. பிழை செய்வது ஒன்று, தெரிந்தே மறைப்பது வேறொன்று. சொல்வதற்கு இடம் கொடுத்த பிறகும் ஒருவர் இரண்டு முறை மறைத்தால், அதை அவரிடம் தனியே, சுற்றி வளைக்காமல் பேசியாக வேண்டும். இந்த வேறுபாட்டைக் குழுவுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நியாயம்.

கூட்டத்து மௌனமும் இதன் பங்காளிதான். "யாருக்காவது ஏதாவது கேட்க வேண்டுமா?" என்று கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள் என்று ஒருநாள் மனத்துக்குள் எண்ணிப் பாருங்கள். அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைகளில் இதை அளந்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியோ கூடுதலோ ஆக்கியதும் மாணவர்களின் பதில்கள் நீண்டன, பதில் சொல்லாமலிருந்த பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். வகுப்பறையில் கண்டது அலுவலக மேசைக்கும் பொருந்துவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். முதல் சில வாரங்களில் அந்த அமைதி சங்கடமாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, உங்கள் கருத்தைக் கடைசியில் சொல்லுங்கள். மேலாளர் முதலில் சொல்லிவிட்டால், மீதிப் பேர் அதை வழிமொழிவதோடு நிறுத்திக்கொள்வார்கள். பேசக் கூச்சப்படுகிறவரைச் சட்டென்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு மாட்டிவிடாதீர்கள். இரண்டு நிமிடம் எல்லோரையும் தாளில் எழுதச் சொல்லி, அதன் பிறகு பேச்சைத் தொடங்கினால் அவருக்கும் கையில் ஏதோ இருக்கும்.

இனி, சொல்வது ஒன்று நடப்பது வேறொன்று என்கிறீர்களே, அது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் 1990இல் ஒரு சோதனை நடத்தினார். ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த பாட்டை மேசையில் விரலால் தட்ட வேண்டும். எதிரே இருப்பவர் அது என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதிப் பாட்டுகளையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நம்பினார்கள். 120 பாட்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டவை 3. தட்டுகிறவர் தலைக்குள் மெட்டும் சொல்லும் முழுதாக ஓடுகின்றன. கேட்பவருக்கோ வெறும் டொக் டொக். பல மாதம் ஒரு வேலையை மனத்தில் சுமந்துகொண்டு இரண்டு வரியில் அதைச் சொல்கிற மேலாளரும் மேசையைத்தான் தட்டிக்கொண்டிருக்கிறார்.

"அறிக்கையைக் கொஞ்சம் சுருக்கிக் கொடுங்கள்" என்று நான் ஒருமுறை சொன்னேன். முப்பது பக்கம் இருபத்தைந்தாகி வந்தது. அவர் இரவெல்லாம் உட்கார்ந்து வெட்டியிருந்தார். நான் கேட்டதோ, மேலிடத்தார் ஐந்து நிமிடத்தில் படித்துவிட்டு ஒப்புதல் தர ஏதுவாக இரண்டு பக்கம். "ஐந்து நிமிடத்தில் படித்து ஒப்புதல் தர வேண்டும்" என்ற அந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால், எத்தனை பக்கம் என்று நான் சொல்லவே வேண்டியதில்லை. எதற்காக என்பதைச் சொல்லிவிட்டால், நீங்கள் சொல்ல மறந்ததையும் அவரே ஊகித்துக்கொள்வார்.

"புரிந்ததா?" என்று கேட்பதில் பயனில்லை. புரியவில்லை என்று சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும், அதைவிடப் புரிந்தது என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. விமானக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து வரும் உத்தரவை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும் என்று விதி இருக்கிறது. அலுவலகத்தில் "நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள்" என்றால் அது பள்ளிக்கூடம் ஆகிவிடும். "நாளைக் காலை வந்ததும் முதலில் எதைக் கையிலெடுப்பீர்கள்?" என்று கேளுங்கள். தவறாகப் புரிந்திருந்தால் அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும். புதிய வேலை கொடுக்கும்போது, இதற்காக எந்த வேலையைத் தள்ளிவைக்கலாம் என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அவர் எதையோ ஒன்றைத் தள்ளிவைப்பார். அது உங்களுக்குக் கெடு நாளன்றுதான் தெரியும்.

மூத்தவரைப் பற்றி. முதலில், அவரை இதுவரை எப்படி அழைத்தீர்களோ அப்படியே இனியும் அழையுங்கள். "அண்ணா" என்றால் அண்ணாதான், "சார்" என்றால் சார்தான். பதவி வந்ததும் அழைப்பு மாறினால், நீங்கள் பேசப்போகும் குறை அவருக்குக் காதிலேயே ஏறாது.

குறையைச் சொல்வதற்கு முன், காரணம் உங்களுக்குத் தெரியுமா என்று பாருங்கள். ஒருவர் தவறும்போது அவர் குணத்தைக் காரணமாக்குகிறோம், அவரைச் சுற்றியிருக்கும் சூழ்நிலையைக் கணக்கில் எடுப்பதில்லை. இந்தப் பழக்கத்தை உளவியலாளர் லீ ராஸ் 1977இல் அடிப்படைப் பிழை என்றே பெயரிட்டு எழுதினார். என் குழுவில் ஒருவர் திங்கட்கிழமைக் கணக்கை எப்போதும் தாமதமாகத்தான் தருவார். பொறுப்பில்லாதவர் என்று ஆறு வாரம் மனத்துக்குள் எழுதிவைத்திருந்தேன். கேட்டபோது, அவருக்கு வேண்டிய எண்கள் வேறொரு பிரிவிலிருந்து திங்கட்கிழமை நண்பகலுக்குப் பிறகுதான் வருகின்றன என்றார். ஒரு மின்னஞ்சலில் தீர்ந்த விஷயம்.

கேட்ட பிறகும் குறை அவருடையதுதான் என்றால், வேலையைப் பற்றிப் பேசுங்கள், ஆளைப் பற்றிப் பேசாதீர்கள். நாகரிகத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. க்ளூகர், டெனிஸி என்ற இரு ஆய்வாளர்கள் 1996இல் இத்துறையின் பழைய ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தார்கள். வேலையைப் பற்றிக் கருத்துச் சொல்வது சராசரியாகப் பலன் தருகிறது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட நேர்வுகளில், சொன்ன பிறகு வேலை மோசமாகியிருந்தது. கேட்பவரின் கவனம் வேலையைவிட்டுத் தன்னைப் பற்றிய கவலைக்குப் போய்விடும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் கண்டது. "உங்களுக்கு அக்கறை போதவில்லை" என்று சொன்னால் அவர் வீடு போய்ச் சேரும்வரை தன் அக்கறையைப் பற்றித்தான் நினைப்பார். கணக்கை நினைக்கமாட்டார்.

ஆகவே, தனியாக, உட்கார்ந்து, கதவைச் சாத்திவிட்டு, இப்படிப் பேசலாம்: "அண்ணா, ஒரு விஷயம் பேச வேண்டும். போன மாதம் மூன்று தாள்களில் கூட்டுத்தொகை தப்பாகப் போயிருக்கிறது. தாள்கள் இதோ இருக்கின்றன. இரண்டை வெளியிலிருந்துதான் நமக்குச் சொன்னார்கள். உங்கள் பக்கம் என்ன நடக்கிறது?" இவ்வளவுதான். பிறகு பேச்சை அவரிடம் விட்டுவிடுங்கள். அவர் கோபப்படலாம். "நீ சேர்ந்த நாளில் உனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவன் நான்" என்று சொல்லலாம். "ஆமாம் அண்ணா, அதை மறக்கவில்லை" என்று சொல்லுங்கள், அது உண்மையென்றால். சொல்லிவிட்டு மறுபடி தாளுக்கு வாருங்கள். கோபத்தைக் கண்டு குறையைத் திரும்ப எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்னும் இருமடங்காக்கவும் செய்யாதீர்கள். அன்று முடியாவிட்டால் நாளை என்று நேரம் குறித்துக்கொண்டு எழுங்கள்.

பாராட்டில் பொதிந்து குறையைக் கொடுக்கச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இரண்டு மூன்று முறை அப்படிச் செய்தால், நீங்கள் பாராட்டத் தொடங்கும்போதே அவர் அடுத்து வரப்போவதற்காகப் பல்லைக் கடித்துக்கொள்வார். பாராட்டுக்கு அதற்கென்று ஒரு நாள் கொடுங்கள். அதிலும் "நன்றாகச் செய்தீர்கள்" என்பதோடு நிறுத்தாமல், எதைச் செய்தார், அதனால் யாருக்கு என்ன நன்மை என்பதைச் சொல்லுங்கள். குறையை ஆண்டு மதிப்பீடு வரை சேர்த்துவைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். எட்டு மாதத்துக்கு முன் நடந்ததை எடுத்துக் காட்டினால், அத்தனை மாதமும் நீங்கள் சிரித்துப் பேசியது எல்லாம் அவருக்குப் பொய்யாகிவிடும்.

பேசிக்கொள்ளாத இருவரைப் பொறுத்தவரை, நீங்கள் அவர்களுக்கு நடுவே தூதுபோகத் தொடங்கியிருந்தால் இன்றே நிறுத்துங்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியே அரைமணி நேரம் கேளுங்கள். கேட்கும்போது தலையாட்டுவதில்கூடக் கவனம் வேண்டும். "மேலாளர் என் பக்கம்" என்று இருவருமே நம்பி வெளியே போவது நடக்கக்கூடியதுதான். பிறகு இருவரையும் சேர்த்து உட்காரவைத்து வேலையைப் பற்றி மட்டும் பேசுங்கள்: யார் யாருக்கு எதை, எந்த நாளில், எந்த வடிவில் கொடுக்க வேண்டும், தடங்கல் வந்தால் யாரிடம் போவது. அதை அங்கேயே எழுதி இருவருக்கும் அனுப்புங்கள். அவர்கள் நண்பர்களாக வேண்டும் என்று எதிர்பார்க்க நமக்கு உரிமை இல்லை. வேலை கைமாறும் இடத்தில் பேச வேண்டும் என்று கேட்க உரிமை உண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கை. தனியே கேட்கும்போது பாலியல் தொல்லையோ, பிறப்பையோ மதத்தையோ சொல்லி இழிவுபடுத்தியதோ வெளியே வந்தால், அது மனஸ்தாபம் அல்ல. சமரசம் பேசாதீர்கள், இருவரையும் ஒன்றாக உட்காரவைக்காதீர்கள், "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அதற்கென்று உள்ள முறையான அமைப்பிடம் அன்றே கொண்டுபோங்கள்.

எழுத்தா பேச்சா என்று கேட்பீர்கள். மனம் நோகக்கூடியதை நேரில் பேசுங்கள், முடிவானதை எழுதி அனுப்புங்கள். இரவு பத்து மணிக்குத் தோன்றியதைக் காலையில் அனுப்புங்கள்.

தொடங்கும் இடம் கேட்டீர்கள். எட்டுப் பேரையும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தனித்தனியே அரைமணி நேரம் சந்திப்பது என்று குறித்துக்கொள்ளுங்கள். எந்த அவசரத்துக்காகவும் அதை ரத்து செய்யாதீர்கள். தவிர்க்க முடியாவிட்டால் அதே வாரத்தில் வேறு நாளுக்கு மாற்றுங்கள். முதல் பதினைந்து நிமிடம் அவர்களுடையது. முதல் இரண்டு சந்திப்புகளில் உருப்படியாக எதுவும் வராது, "எல்லாம் நன்றாகப் போகிறது" என்பார்கள். மூன்றாவதிலோ நான்காவதிலோ, எழுந்து கதவருகே போனவர் திரும்பி நின்று ஒன்று சொல்வார். அதற்காகத்தான் அத்தனையும்.

முதல் சந்திப்பை, கடைசியாக உங்களிடம் கெட்ட செய்தி கொண்டுவந்தவரோடு வைத்துக்கொள்ளுங்கள். அன்று நீங்கள் நடந்துகொண்ட விதம் சரியில்லை என்றால் அதைச் சொல்லிவிடுங்கள். நான் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க ஏழு மாதம் ஆயிற்று. அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "திங்கட்கிழமையே பிழையைப் பார்த்துவிட்டேன் சார்" என்றார். "அதற்கு முந்தின வாரம் நீங்கள் வேறொருவரிடம் பேசியதைக் கேட்டிருந்தேன். அதனால் நானே சரிசெய்துவிடலாம் என்று இரண்டு நாள் பார்த்தேன்."